நிழலில் வளர்ந்த செடியும் சித்திரை வெயிலும்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும் நாட்களில் கொழும்பு நகரத்து வீடுகள் புதுமுகம் கொள்கின்றன. சுவருக்கு வெள்ளை பூசப்படுகின்றது, தளபாடங்கள் இடம் மாறுகின்றன, தரை கழுவப்படுகின்றது. அவ்வேளையில், பல மாதங்களாகக் கூடத்தின் மூலையிலும் மாடிப்படியின் அடியிலும் நின்ற பூச்சாடிகளும் வெளியே வருகின்றன. இருட்டிலே கிடந்து வெளிறிப்போன செடிக்குச் சற்று வெயில் படட்டும் என்று வீட்டார் அவற்றை முற்றத்திலோ மொட்டைமாடியிலோ கொண்டுபோய் வைக்கின்றனர். எண்ணம் நல்லதே. ஆயின் மூன்றாம் நாள் பார்க்கும்போது இலைகளின் நடுவில் வெண்மையான திட்டுகள் தோன்றியிருக்கும். ஒரு வாரத்தில் அத்திட்டுகள் காய்ந்த தாள்போலாகிப் பழுப்பு நிறம் கொள்ளும்.

பெருங்கேடு விளைவது இதன் பின்னரே. இலை காய்ந்ததைக் கண்டவர்கள் செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று முடிவு செய்து, காலையும் மாலையும் சாடி நிறைய நீர் ஊற்றுகின்றனர். இலையை இழந்த செடி நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். எஞ்சிய நீர் மண்ணிலே தங்கிவிட, வேருக்கு வேண்டிய காற்றுக் கிடையாது போகின்றது, வேர் அழுகுகின்றது. பல ஆண்டுகள் கூடத்தை அழகு செய்த செடி ஒரு மாதத்துக்குள் மாண்டுபோகின்றது. வெயிலால் நேர்ந்த காயத்தை மட்டும் அது பெரும்பாலும் தாங்கியிருக்கும்.

வெப்பவலயத்துச் செடி வெப்பவலயத்து வெயிலில் வாடுவதேன் என்ற வினா எழுவது இயல்பு. இதற்கு விடை காண வேண்டுமாயின் இச்செடிகளின் பிறப்பிடத்தை நோக்குதல் வேண்டும். அந்தூரியம் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஈரமலைக் காடுகளைச் சேர்ந்தது. வெண்புள்ளி இலைகளையுடைய டிபன்பாக்கியா அமெரிக்க வெப்பவலயக் காட்டுத் தரையில் வளர்வது. வீடுதோறும் போத்தலிலும் சாடியிலும் தொங்கும் மணி பிளான்ட், பசிபிக் சமுத்திரத்தின் சொசைட்டித் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவியது. பன்னங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இவையெல்லாம் பெருமரங்களின் கீழே வாழப் பழகியவை. அடர்ந்த மழைக்காட்டின் உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் நிலத்தை வந்து சேர்கின்றது. அந்த அரையிருளில் பிழைக்கும் ஆற்றல் இருப்பதனாலேயே இவை மனிதனுடைய கூடத்திலும் பிழைக்கின்றன. வெயிலுக்கு உரிய செடி எதுவும் அலுமாரிக்குப் பக்கத்தில் ஆறு மாதம் நிற்காது.

கூடத்துக்கும் முற்றத்துக்கும் உள்ள ஒளி வேற்றுமையை மனிதக் கண் சரியாக மதிப்பிடுவதில்லை. இருளில் கண்மணி விரிகின்றது, ஒளியில் சுருங்குகின்றது, ஆதலால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றுகின்றன. அளவுகருவி வேறு கணக்குச் சொல்லும். ஒளிச்செறிவை அளக்கும் அலகுக்கு லக்ஸ் என்று பெயர். கொழும்பில் மேகமற்ற நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். நல்ல மரநிழலில் அது சில ஆயிரங்கள் முதல் 10,000 வரை வரும். கூடத்துச் சன்னலருகே ஓராயிரம், ஈராயிரம். உள்மூலையிலோ நூறு அல்லது இருநூறே. எனவே, மூலையிலிருந்து முற்றத்தின் நடுவுக்கு நகர்த்தப்பட்ட செடி பத்தடி தூரம் மட்டும் சென்றதாகத் தோன்றினாலும், ஒளியின் அளவில் ஐந்நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு தாண்டிவிடுகின்றது.

கருவி இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்றுண்டு. நண்பகலில் சாடி வைக்க எண்ணிய இடத்தில், நிலத்துக்கு ஓரடி உயரத்திலே கையை விரித்துப் பிடிக்க வேண்டும். விரல்களின் நிழல் கூர்மையான விளிம்புடன் விழுந்தால் அவ்விடம் கடுவெயில். நிழல் மங்கலாக, உருவம் தெரியுமளவுக்கு விழுந்தால் அது வெளிச்ச நிழல். பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு உகந்த இடம் அதுவே. நிழலே விழாவிடில் செடி உயிர்வாழுமேயன்றிச் செழிக்காது.

இனி, இலையினுள்ளே நிகழ்வது யாதென்று காண்போர்க்கு இதன் காரணம் விளங்கும். நிழலில் விரியும் இலை அகலமாகவும் மெல்லியதாகவும் அமைகின்றது. கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் நழுவவிடாது பிடிக்க வேண்டுமென்பதே அதன் அமைப்பின் நோக்கம். வெயிலில் விரியும் இலை தடித்தது. மேற்றோல் மெழுகு பூசியதுபோல் இறுகியது. பச்சையத்தைக் கொண்ட கலங்கள் அதில் அடுக்கடுக்காக நிற்கும். ஒரே செடியின் இரு கிளைகளில்கூட இவ்விரு வகையையும் காணலாம். மெல்லிய நிழலிலை திடீரென வெயிலுக்கு வரும்போது, ஒளித்தொகுப்புக்குப் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு மிகுதியான ஒளியை அது வாங்கிக்கொள்கின்றது. பயன்படாத அச்சக்தி இலைக்குள் ஒட்சிசனின் தீங்கான வடிவங்களை உண்டாக்குகின்றது. அவை பச்சையத்தை அழிக்கின்றன. வெண்திட்டாகத் தோன்றுவது பச்சையம் அழிந்த இடமே.

செடிக்குத் தற்காப்பு இல்லாமலில்லை. ஒளி மிகும்போது கலங்களுக்குள் இருக்கும் பச்சையவுருமணிகள் பக்கச் சுவர்களை ஒட்டி ஒதுங்கி நிற்கின்றன. இது சில நிமிடங்களில் நடப்பது. இலையிலுள்ள மஞ்சள் நிறப்பொருள்கள் மிகுதிச் சக்தியை வெப்பமாக மாற்றி வெளியேற்றுகின்றன. இவற்றின் அளவு பெருகுவதற்குச் சில நாட்கள் வேண்டும். ஆனால், விரிந்து முதிர்ந்த இலை தன் தடிப்பை மாற்றிக்கொள்ள முடியாது. எந்த ஒளியில் அது உருவாயிற்றோ அந்த ஒளிக்கே உரியதாய் வாழ்ந்து முடிகின்றது. புது ஒளிக்கேற்ற இலையைச் செடி புதிதாகத்தான் படைக்க வேண்டும். அதற்கு வாரங்கள் செல்லும். வீட்டுச் செடியை வெளியே கொணரும் வித்தை முழுவதும் இந்த ஓர் உண்மையிலே அடங்கியிருக்கின்றது: பழைய இலை எரிந்துபோகாமல், புதிய இலை வரும்வரை செடியைக் காத்துக் கொடுக்க வேண்டும்.

கொழும்பில் இதற்கு மிகவும் பொருந்தாத மாதம் சித்திரை. நகரம் வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் அமைந்துள்ளது. ஆதலின் ஏப்பிரல் 7ஆம் நாளை ஒட்டியும் செப்டெம்பர் 5ஆம் நாளை ஒட்டியும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. அந்நாட்களில் நிமிர்ந்த கம்பத்துக்கு நிழலே இல்லை. புத்தாண்டுக்காகச் சாடிகள் வெளியேறும் காலம், வெயில் உச்சந்தலையில் இறங்கும் காலமாகவே வந்து வாய்க்கின்றது.

சூரியனின் இந்தப் போக்குவரத்தை அறிவது மற்றொரு வகையிலும் பயன் தரும். புதுக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகள் முகப்பிலே குறுகி உள்ளே நீண்டு செல்பவை. இரு பக்கமும் அயல்வீட்டுச் சுவர்; நடுவிலே வானம் பார்த்த சிறு முற்றம். இத்தகைய முற்றத்தில் 10 அடி உயரமான சுவர் ஒன்று கிழக்கு மேற்காக நிற்பதாக வைத்துக்கொள்வோம். டிசெம்பர் மாதப் பிற்பகுதியில் நண்பகற் சூரியன் தெற்கே ஏறக்குறைய 30 பாகை சாய்ந்திருக்கும். சுவரின் வடபுறத்தில் 6 அடி அகலத்துக்கு நிழல் விழும். யூன் மாதப் பிற்பகுதியில் சூரியன் உச்சிக்கு வடக்கே 16 பாகைக்குச் சற்று மேல் நிற்கும். அப்போது நிழல் தென்புறத்துக்கு மாறி 3 அடியாகக் குறுகிவிடும். மார்கழியில் வடபுறச் சுவரடியில் குளிர்ச்சியாகச் செழித்த அந்தூரியம் அதே இடத்தில், எவரும் தொடாமலே, வைகாசியில் கருகுவதன் மர்மம் இதுவே. சாடி நகரவில்லை, நிழல் நகர்ந்துவிட்டது. செய்வினை, கண்ணூறு என்றெல்லாம் இதற்குக் காரணம் தேடியோரும் உளர்.

அப்படியாயின் உகந்த காலம் எது? மே மாதப் பிற்பகுதியில் தென்மேல் பருவக்காற்று கொழும்பை வந்தடைகின்றது. வானம் மேகம் போர்த்திருக்கும். காற்றில் ஈரம் மிகும். இலையிலிருந்து நீர் ஆவியாவது குறையும். மேகம் கவிந்த நாளின் ஒளி, காட்டிலே பெருமரம் சாய்ந்த இடைவெளியின் ஒளியைப் போன்றது. செடியை வெளியே பழக்குவதற்கு இயற்கையே பந்தர் இட்டுத்தரும் காலம் இது. மேகமூட்டம் தொடரும் நாட்களாகப் பார்த்துத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தாற்போலத்தான். ஒக்டோபர் மாதத்து மழைக்காலமும் பொருந்தும். எனினும் அக்காலத்தில் முற்பகல் வெயில் கடுமையாகக் காய்ந்து பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கமாதலால் கூடுதல் கவனம் வேண்டும்.

முதல் வாரம் சாடியை விறாந்தையின் வெளி விளிம்பில், வானம் தெரியும் ஆனால் வெயில் படாத இடத்தில் வைத்தல் நன்று. இரண்டாம் வாரம் மா, பலா முதலிய மரத்தின் கீழோ, கிடுகுப் பந்தரின் கீழோ, நிழல்வலையின் கீழோ நகர்த்தலாம். வலை விற்போர் நூற்றுக்கு 50, 70 எனச் சொல்லுவது அவ்வலை தடுக்கும் ஒளியின் பங்கு. மூன்றாம் வாரம் காலை 8 மணிவரை படும் இளவெயில். அதன்பின், வெயிலைத் தாங்கும் இனமாயின், வாரந்தோறும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். இடையிலே புதிய தளிர் விரியக் கண்டால் செடி தன் வேலையைத் தொடங்கிவிட்டது எனத் தெளியலாம்.

எல்லாச் செடிக்கும் இறுதி இடம் ஒன்றாகாது. குரோட்டன் வெயிலுக்கு வரவேண்டிய செடி. நிழலிலே அதன் இலை வெறும் பச்சையாகிவிடும். போதிய ஒளி கிடைத்தாலே செம்மையும் மஞ்சளும் ஏறும். இடம் மாற்றியவுடன் குரோட்டன் இலைகளை உதிர்க்கும் குணமுடையது. அதைக் கண்டு அஞ்சி மறுபடியும் உள்ளே கொண்டுபோனால் இன்னும் உதிர்க்கும். அந்தூரியம், பன்னம், டிபன்பாக்கியா ஆகியவை எக்காலத்தும் நண்பகல் வெயிலுக்குப் பழகா. வெளிச்ச நிழலே அவற்றின் எல்லை. டிபன்பாக்கியாவைச் சிறு பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்குக் கொண்டுவருவோர், அதன் தண்டையும் இலையையும் கடித்தால் ஊசி போன்ற பளிங்குகளால் வாயும் நாவும் வீங்கும் என்பதை மறத்தலாகாது. மணி பிளான்டின் கதை விசித்திரமானது. போத்தலில் உள்ளங்கையளவு இலைவிடும் அதே கொடி, தோட்டத்திலே தென்னையைப் பற்றி ஏறத் தொடங்கினால் ஒன்றரையடி, இரண்டடி நீளத்துக்கு இலைவிட்டு அவ்விலையின் ஓரங்களைக் கிழித்தும் கொள்ளும். அதனைக் காண்போர் வேறு செடியென்றே சாதிப்பர். மரத்தில் ஏறவிட்டபின் அதனை அடக்குவது எளிதன்று. சாடியோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

வெள்ளவத்தைக்கு மட்டும் உரிய தொல்லை ஒன்றுண்டு. அங்கே பழைய தோட்ட வீடுகள் பல மறைந்து தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. முற்றம் என்பது பல்கனியாகச் சுருங்கியது. கடலை நோக்கிய மேற்குப் பல்கனிகளுக்குப் பிற்பகல் வெயிலோடு கடற்காற்றும் சேர்ந்து வருகின்றது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், கரையிலே அலை மோதித் தெறிக்கும் உப்புத்துளிகளைக் காற்று புகையிரதப் பாதைக்கு அப்பாலும் சுமந்து செல்லும். உப்புப் படிந்த இலையின் விளிம்பு முதலில் பழுத்துப் பின் காயும். காற்று வேகமாக அடித்த நாளின் மாலையில் குழாய்நீரால் இலைகளை இருபுறமும் கழுவிவிடுதலே இதற்குப் பரிகாரம். மெல்லிலைச் செடிகளைக் கிழக்குப் புறத்துக்கு மாற்ற இடமிருந்தால் இன்னும் நல்லது.

கடலுப்புக்கும் வெப்பவலயச் செடிக்கும் உள்ள பகை பழையது. பாய்க்கப்பல் காலத்தில் ஒரு நாட்டுச் செடியை மற்றொரு நாட்டுக்கு அனுப்பினால், மேற்றளத்தில் உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். இலண்டனில் வைத்தியராக இருந்த நதானியல் வார்ட் என்பார், மூடிய கண்ணாடிப் போத்தல் ஒன்றினுள் பன்னம் முளைத்து நீர் ஊற்றாமலே வளர்வதை 1829ஆம் ஆண்டளவில் கண்டார். இலை வெளிவிடும் ஈரம் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. அதைக் கொண்டு அவர் அமைத்த கண்ணாடிப் பேழையிலே 1833இல் இலண்டனிலிருந்து சிட்னிக்குச் செடிகள் உயிருடன் போய்ச் சேர்ந்தன.

இலங்கையின் பொருளாதாரத்தையே மாற்றிய செடி ஒன்றும் இவ்வாறு கண்ணாடி வீட்டிலிருந்து வெளிநிலத்துக்கு வந்ததேயாகும். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகள் இலண்டனுக்கு அணித்தான கியூ தாவரப் பூங்காவின் வெப்பக் கண்ணாடி வீடுகளில் விதைக்கப்பட்டன. அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் 1,919 கன்றுகள் 38 வார்ட் பேழைகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை உயிருடன் வந்து சேர்ந்தன. அவற்றை நடுவதற்காகவே கம்பஹாவுக்கு அருகில் ஹெனரத்கொடைப் பூங்கா அவ்வாண்டில் அமைக்கப்பட்டது. மலைநாட்டிலுள்ள பேராதனையை விட்டுத் தாழ்நிலத்தின் வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தைத் தேர்ந்ததிலே, கன்றின் பிறப்பிடத்தை எண்ணிப்பார்த்த அறிவு தெரிகின்றது. 1881இல் அங்கே இறப்பர் முதன்முதலாகப் பூத்தது. கூடத்துச் சாடியை முற்றத்துக்கு நகர்த்துவோர் எடுக்கும் சிரமம் இதனோடு ஒப்பிட மிகச் சிறியதே. எனினும் வேலையின் இயல்பு ஒன்றுதான்.

நீர் ஊற்றும் முறை வெளியே வந்தவுடன் மாற வேண்டும். காற்று படும் இடத்தில் சாடி விரைவாக உலரும். மண்சாடி பிளாஸ்டிக் சாடியைக் காட்டிலும் விரைவாக உலரும். இதற்கெல்லாம் கால அட்டவணை உதவாது. விரலை மண்ணில் ஓரங்குலம் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் அடித்துளைவழி ஒழுகும்வரை ஊற்றி, பின்பு மறுபடி உலரும்வரை காத்திருப்பதே முறை. சாடி மாற்றுவது, வேர் வெட்டுவது, உரம் இடுவது ஆகியவற்றை இடமாற்றத்தோடு ஒரே நாளில் செய்தல் தவறு. விற்பனையாளர்கள் சாடியுடன் சேர்த்துத் தரும் உரப்பொதி புதிய இலை விரியும்வரை பொதியாகவே இருக்கட்டும்.

கொழும்பில் சாடியை வெளியே வைப்பவர் செடியைவிடப் பெரிய பொருளொன்றுக்குப் பொறுப்பாளியாகின்றார். சாடியின் கீழே வைக்கப்படும் தட்டில் தேங்கும் தெளிந்த நீர், டெங்கு நோயைப் பரப்பும் ஈடிசு நுளம்புக்கு மிக உவப்பான இடம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர், நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அந்நுளம்பு நீரின் மேலே, தட்டின் பக்கச் சுவரிலே முட்டையை ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி நீர் ஏறியதும் பொரித்து, ஏழு முதல் பத்து நாட்களில் நுளம்பாகப் பறக்கும். தட்டைக் கவிழ்த்து நீரைக் கொட்டுவது மட்டும் போதாமைக்குக் காரணம் இதுவே. வாரம் ஒருமுறை தும்பினால் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதனிலும் நல்லது, வெளியே வைக்கும் சாடிக்குத் தட்டே வையாமல் இரு செங்கற்களின் மேல் உயர்த்தி வைத்தல். நீரும் வடியும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடிகள் இலைகளின் நடுவிலே கிண்ணம்போல் நீர் ஏந்துபவை. மழைக்காலத்தில் அவற்றையும் சாய்த்து நீரைக் கொட்டுதல் வேண்டும். நுளம்பு பெருக இடமளித்தலைத் தடுக்கும் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும் வீட்டில் பூச்சாடித் தட்டு ஒன்று உரிமையாளரை நீதிமன்றப் படியேற்றிவிடவும் கூடும். புதுக்கடை வாசிகளுக்கு நீதிமன்றம் அண்மையில்தான் இருக்கின்றது. எனினும் அங்கு செல்வதற்கு அது போதிய காரணமாகாது.

கடல் கடந்து குடியேறிய தமிழர் இல்லங்களில் இதே வேலை முற்றிலும் வேறான வானத்தின் கீழ் நடைபெறுகின்றது. ரொறன்ரோ நகரிலும் இலண்டனிலும் பல வீடுகளின் சன்னலோரத்தில் கறிவேப்பிலைச் செடி ஒன்று சாடியில் நிற்கின்றது. யாழ்ப்பாணத்து வளவிலே எவருடைய கவனிப்பும் இல்லாமல் வெயிலில் மரமாக நிற்கும் இனம் அங்கே பனிக்காலம் முழுவதும் வீட்டுக்குள் விருந்தாளி. பலவேளைகளில் அது இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கொம்பாக நிற்கும். செத்துவிட்டதெனக் குப்பையில் எறிந்தோர் உளர். கொம்பை நகத்தால் சற்றே கீறிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் பொறுத்திருக்கலாம்.

கனடாவிலே மே மாதம் 25ஆம் நாளுக்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா தினம். அந்நாட்டார் தோட்டவேலை தொடங்குவதற்கு அதனையே வழக்கமான எல்லையாகக் கொண்டுள்ளனர். உறைபனிக்குத் தப்பிய நாற்றுகளுக்கு அது பொருந்தும், கறிவேப்பிலைக்குப் பொருந்தாது. வெப்பவலயச் செடிக்கு உறைபனி வேண்டியதில்லை. ஏறத்தாழ 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் குளிரே போதும். கலங்களைச் சூழ்ந்துள்ள மென்சவ்வின் கொழுப்பு, குளிர்ந்த தேங்காயெண்ணெய் உறைவதுபோல இறுகி, தன் வேலையை நிறுத்திவிடும். பகல் வெப்பத்தை நம்பாமல் இரவின் வெப்பநிலையைப் பார்த்தே வெளியே வைக்க வேண்டும். இரவும் 12, 13 பாகைக்குக் குறையாத நிலை ரொறன்ரோவில் யூன் மாதத்திலேதான் உறுதிப்படும்.

குளிர்நாட்டு வெயில் மென்மையானது என்ற நம்பிக்கை இன்னொரு கண்ணி. யூன் மாதப் பிற்பகுதியில் ரொறன்ரோ நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து ஏறக்குறைய 70 பாகை உயரத்தில் நிற்கின்றது. அதே நாளில் கொழும்பின் நண்பகற் சூரியன் 73 பாகைக்குச் சற்று மேல். வேற்றுமை மிகச் சிறிது. பகற்பொழுதோ கொழும்பில் பன்னிரண்டரை மணி நேரமாயிருக்க, அங்கே பதினைந்து மணிக்கும் மேலாக நீள்கின்றது. சன்னற் கண்ணாடி ஊதாக்கடந்த கதிர்களிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதனால் உள்ளே வளர்ந்த இலை அவற்றை அறியவே அறியாது. ஆகவே, வெயிலையே விரும்பும் கறிவேப்பிலைகூட அங்கே முதல் நாளிலேயே வெண்திட்டுக் கொள்கின்றது. இரண்டு வாரம் நிழலிலும் காலை வெயிலிலும் பழக்கினால், அந்நீண்ட பகலைப் பயன்படுத்தி அது விரைந்து தழைக்கும். செப்டெம்பர் நடுப்பகுதியில் இரவு குளிரத் தொடங்கும்போது உள்ளே எடுத்துவிட வேண்டும். எடுக்குமுன் இலைகளின் அடிப்பக்கத்தையும் கணுக்களையும் நன்றாகப் பார்த்தல் அவசியம். வெளியே மழையும் பிற பூச்சிகளும் கட்டுப்படுத்தி வைத்திருந்த செதிற்பூச்சியும் வெண்மாப்பூச்சியும் காற்றசையாத வீட்டுக்குள் எதிரியின்றிப் பெருகும். சவர்க்காரம் கலந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு வாரம் தனியே வைத்து, பின்னரே ஏனைய செடிகளோடு சேர்ப்பது வழக்கம்.

கொழும்பிலும் சாடிகள் உள்ளே திரும்பும் நாள் வரும். விருந்து, திருமணம், விழா என்று கூடத்தை அலங்கரிக்க வேண்டியிருக்கும். வெளிச்சத்திலே தடித்த இலைகளோடு வளர்ந்த செடி திடீரென இருளுக்கு வந்தால் எரியாது. மெல்ல மெல்ல மஞ்சளித்து அடியிலைகளை உதிர்க்கும். அங்கும் அதே விதிதான் மறுபுறமாக வேலை செய்கின்றது. இரண்டு செடிகளை வைத்துக்கொண்டு ஒன்று உள்ளும் ஒன்று வெளியுமாக மாதமொருமுறை மாற்றுவோர் இருக்கின்றனர். மாதமொருமுறை என்பது இரண்டு செடிகளையும் ஓயாது இலை மாற்றச் செய்துகொண்டே இருப்பதாகும். விழா முடிந்த மறுநாளே நிழலான விறாந்தைக்குத் திருப்பி அனுப்புவது அவற்றுக்கு நன்மை.

ஏற்கெனவே வெயிலில் எரிந்துவிட்ட செடியை என் செய்வது என்பதே பலருடைய கேள்வி. உடனே வெளிச்ச நிழலுக்கு மாற்றிவிட வேண்டும். மண்ணைத் தொட்டுப் பார்த்தே நீர் ஊற்ற வேண்டும். வெண்திட்டு விழுந்த இடம் மறுபடி பச்சையாகாது. ஆனால், பார்வைக்கு அழகில்லையென்று அவ்விலைகளைக் கத்தரிக்கோல் கொண்டு அப்போதே அகற்றிவிடலாகாது. பாதி பச்சையாயுள்ள இலை பாதி உணவு சமைத்துக்கொண்டிருக்கும். அடுத்த இலையை விரிப்பதற்கு அச்செடிக்கு வேறு முதல் கிடையாது. புதிய இலை இரண்டோ மூன்றோ முழுதாக விரிந்து முற்றிய பின்னர், பழையதைக் காம்போடு கிள்ளிவிடலாம்.